பெட்டி இறக்கும் நாள்

அமாவாசை கழியாமல் கொலுப் பெட்டியைத் தொடக்கூடாது என்று வடிவாம்பாளுக்கு முதன்முதலில் சொன்னவள் அவளுடைய ஓரகத்தி திரிபுரசுந்தரி. வடிவு கல்யாணமாகி உறையூர் வீட்டுக்கு வந்த முதல் புரட்டாசி அது. அடுக்களையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் திரிபுரம் சொன்னாள், இந்தப் பதினஞ்சு நாளும் செத்தவங்களோட நாளு வடிவு, பௌர்ணமி முடிஞ்சதும் இறங்கி வந்து வாசல்ல நிப்பாங்க, அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் விட்டு அனுப்பி வைக்கிற வரைக்கும் நல்ல காரியம்னு ஒரு துரும்ப நகத்தக்கூடாது, அதுலயும் பொம்மை, அதுக்குக் கண்ணு இருக்கு மூக்கு இருக்கு வாய் இருக்கு, உள்ள ஆள் இல்ல, பெட்டியத் திறந்தா காலி வீடுன்னு நெனச்சு எவராச்சும் ஏறி உக்காந்துக்குவாங்க. சொல்லிவிட்டு முற்றிப்போன காய் ஒன்றை ஒடித்துப் பார்த்துத் தூரப் போட்டாள். வடிவு சிரித்திருக்கலாம், எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனவள்தான், ஆனால் சிரிக்கவில்லை. அந்த வருஷம் அமாவாசையன்று சாயங்காலம் பழைய வேட்டித் துணியில் சுற்றிவைத்திருந்த பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது முதலில் கண்ணைத்தான் பார்த்தாள், யாராவது இருக்கிறார்களா என்று. அதற்கப்புறம் வந்த எல்லாப் புரட்டாசியிலும் அப்படித்தான். செட்டியார் பொம்மை, தவில்காரர், குறத்தி, எல்லோருடைய கண்ணையும் பார்த்து, இல்லை, மண்ணுதான், பெயிண்ட்டுதான் என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே படியில் ஏற்றுவாள். இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது.

நேற்று பௌர்ணமி. இன்றைக்குக் காலையில் அவள் புருஷன் சபாபதி இரண்டு இட்லியை நின்றபடியே தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே, "அண்ணன் எப்படியோ இழுத்துட்டிருக்கு. நீ பாட்டுக்கு ஆக வேண்டியதப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டின் கொண்டி கொஞ்ச நேரம் ஆடி நின்றது. ஆக வேண்டியது எது என்று அவர் சொல்லவில்லை. அவள் ஹாலுக்கும் உள்ரூமுக்கும் நடுவில் இருக்கிற பரணுக்குக் கீழே பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டாள், அதன் மேல் ஏறவில்லை, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பெட்டி தெரிந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த தகரப் பெட்டி, மேலே பழைய ஜமுக்காளம், ஜமுக்காளத்தின் மேல் ஒரு வருஷத்துத் தூசி. ஆக வேண்டியதைப் பார் என்றால் பெட்டியை இறக்கு என்று அர்த்தமா, இல்லை, வெள்ளைப் புடவை, நெய்ப்பந்தம், ஊருக்குச் சொல்லிவிட வேண்டியவர்கள் யார் யார் என்று அதைப் பார்க்கச் சொன்னாரா. இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான். இந்த மனுஷர் எப்போதும் இப்படித்தான், பாதியைச் சொல்லிவிட்டு மீதியைச் செருப்போடு மாட்டிக்கொண்டு போய்விடுவார். மேலே பெட்டிக்குள்ளே துணியில் சுற்றிக்கொண்டு எல்லோரும் படுத்திருக்கிறார்கள், வாயில் துணி, மூக்கில் துணி. அங்கே ஆஸ்பத்திரியில் பெரியவருக்கு, திரிபுரத்தின் புருஷனுக்கு, வாயில் குழாய். விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் குளியலறையில் விழுந்தவர், தலைக்குள்ளே ரத்தம் கசிந்துவிட்டதாம், அன்றிலிருந்து கண் திறக்கவில்லை, அந்தக் குழாய்தான் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. போன வாரம் போய்க் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது அவருடைய நெஞ்சு ஏறி இறங்கியது, கடிகாரத்துப் பெண்டுலம் மாதிரி, கொஞ்சம்கூட முன்னே பின்னே இல்லாமல். மனுஷன் அப்படி மூச்சு விடமாட்டான். மனுஷன் மூச்சுக்கு நடுவே எதையாவது நினைத்துக்கொள்வான், ஒரு பெருமூச்சு வரும், ஒரு இருமல் வரும்.

அவர் போய்விட்டால் தீட்டு. பங்காளி வீட்டுத் தீட்டு, பதினாறாம் நாள் கருமாதி முடிகிற வரைக்கும் இந்த வீட்டில் விளக்கேற்றக்கூடாது, கொலுவைப் பற்றிப் பேச்சே கிடையாது. அவருக்குப் பிள்ளை இல்லை, கொள்ளி வைக்கப்போவதும் சபாபதிதான். மற்ற வருஷமாக இருந்தால் போகிறது என்று விட்டிருப்பாள். இந்த வருஷம் விட முடியாது. இந்த வருஷம் மகள் அகிலா நாலு மாசம். சித்திரையில் திருவானைக்காவில் அம்மன் முன்னால் நின்று, தாயே, இந்தத் தடவை என் பொண்ணு வயித்துல தங்க வை, நவராத்திரி ஒன்பது நாளும் ஒரு நாள் பிசகாமல் உன்னைப் படியில் ஏற்றி உட்கார வைத்து விளக்கு வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்தவள் இவள்தான். அம்மன் கேட்டுக்கொண்டாள். வைகாசி போய் ஆனியில் அகிலா ஃபோன் பண்ணினாள், அம்மா, ரெண்டு கோடு. ரெண்டு கோடு என்றால் என்னவென்று வடிவுக்கு இதற்கு முன்னாலேயே தெரியும், மூன்று தடவை கேட்டிருக்கிறாள். மூன்று தடவையும் அதற்கப்புறம் வேறு ஒரு ஃபோன் வந்திருக்கிறது, அதில் மாப்பிள்ளைதான் பேசுவார், அத்தை, நீங்க கொஞ்சம் கிளம்பி வர முடியுமா என்று. அந்த 'கொஞ்சம்' என்கிற வார்த்தையைக் கேட்டாலே வடிவுக்கு இப்போதெல்லாம் கால் ஜில்லிட்டுப் போகிறது, காய்கறிக்காரன் கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா என்றால்கூட.

ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரியோ என்று ஓடிப்போய் எடுத்தாள், திரையில் அகிலாவின் முகம். ஓசூரிலிருந்து தினமும் இந்த நேரத்துக்குப் பேசுவாள்.

"என்னம்மா, மூச்சு வாங்குது? ஏறி எறங்குறியா?"

"இல்லடி, சும்மா நின்னுட்டிருக்கேன். சாப்ட்டியா?"

"ஆச்சு ஆச்சு. உன் மாப்ள தோசை சுட்டாரு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாட்டு மேப்பு. நான் இலங்கைய மட்டும் தின்னேன், மிச்சத்த அவரே ஆண்டுக்கட்டும்னு விட்டுட்டேன். முதுகு கட்டில்ல ஒட்டிக்கிச்சும்மா. டாக்டரு பாத்ரூம் போறதுக்கு மட்டும் எந்திரிங்கங்குது." சற்று நிறுத்தி, "பெரியப்பா எப்படி இருக்காங்க?"

"அப்படியேதான் இருக்காங்க. கண்ணு முழிச்சிருவாங்க, நீ அதெல்லாம் நினைக்காத."

"பெட்டி எறக்கியாச்சா?"

"அமாவாசை ஆகட்டும்."

"வீடியோல படி படியாக் காட்டணும் எனக்கு. அந்தப் போலீஸ்கார பொம்மைய முன்னாடி நிறுத்து, பாப்பாவுக்குக் காவலுக்கு ஆகும். தொந்தி பெருசா இருந்தாலும் பரவால்ல." சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்று, அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "அம்மா."

"சொல்லு."

"இந்தத் தடவ வச்சிருவல்ல?"

வச்சிருவேன்டி என்று சொல்லி வைத்தாள். வைத்த பிறகும் ஃபோன் கையிலேயே இருந்தது, சூடாக, கன்னத்தின் வியர்வை அதில் ஒட்டி. இவளாகச் சொல்லிக்கொடுத்தது இல்லை. பி.இ. படித்தவள், ஆபீஸில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவள், அகிலாவும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். முதல் தடவை தங்காமல் போனது மாமியார் இறந்த வருஷம், இந்த வீட்டிலேயே நடந்த சாவு, வருஷம் முழுக்கக் கொலு கிடையாது. இரண்டாவது தடவை, வடிவு கர்ப்பப்பை எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள், கொலு வைக்க ஆளில்லை. கொலு இல்லை, குழந்தை இல்லை. கொலு இல்லை, குழந்தை இல்லை. மூன்றாவது தடவைதான் இந்தக் கணக்கு உதைத்தது, அந்த வருஷம் கொலு வைத்தார்கள், ஏழு படி, அகிலாவே வந்திருந்தாள், அப்படியும் தீபாவளிக்கு முன்னால் மாப்பிள்ளையின் ஃபோன் வந்தது. வடிவு பல நாள் படுத்துக்கொண்டு யோசித்தாள், எதில் தவறினோம், சுண்டலில் உப்புப் பார்த்தோமா, தூரமானவள் யாராவது உள்ளே வந்தாளா, விளக்கு ஒரு நாளாவது தானாக அணைந்ததா. பிறகு ஒரு நாள் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, கஞ்சி கையில் கொட்டியது மாதிரி அது ஞாபகத்துக்கு வந்தது. அமாவாசைக்கு இன்னும் சில நாள் இருக்கும்போதே, லீவு குறைச்சல்மா என்று அகிலா மாப்பிள்ளையை ஸ்டூலில் ஏற்றிவிட்டுப் பெட்டியை இறக்கச் சொன்னாள். ஹாலில் பாய் விரித்து, துணியைப் பிரித்துப் பிரித்து, தவழுகிற கிருஷ்ணனை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டு, இது யாரு சொல்லு என்று கொஞ்சினாள். இவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். சின்னஞ்சிறுசு சந்தோஷமாக இருக்கிறது, எதற்கு வாயைத் திறப்பது என்று நின்றாள். அந்தக் கண்ணை மட்டும் பார்க்க மறந்துபோனாள். எல்லாக் கண்ணையும் பார்த்தவள் அந்தக் கிருஷ்ணனுடைய கண்ணைப் பார்க்கவில்லை. உள்ளே யார் ஏறி உட்கார்ந்திருந்தார்களோ. வயிற்றில் வைத்தாளே, வயிறும் அப்போது காலி வீடு மாதிரிதானே, யாரோ வரப்போகிற வீடு. வேண்டாம், இதற்கு மேல் யோசிக்கக்கூடாது, முருகா முருகா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள், அங்கே என்ன வேலை என்று தெரியவில்லை, திரும்பி வந்தாள், ஸ்டூல் அங்கேயே இருந்தது.

"வடிவக்கா" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல். பக்கத்து வீட்டுப் பிரேமாவதி, கையில் முருங்கைக்கீரைக் கட்டு. கேட்டைத் திறந்துகொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து, அனுமதி கேட்காமல் கீரையை உருவ ஆரம்பித்துவிட்டாள், அவள் சுபாவம் அப்படி. ஸ்டூலைப் பார்த்தாள், பரணைப் பார்த்தாள்.

"ஏறுறதா எறங்குறதான்னு நிக்கிறீங்களாக்கும்."

"அமாவாசை ஆகலையே பிரேமா."

"அதுக்குள்ள பெரியவருக்கு ஆயிடுச்சுன்னா? எங்க மாமியாரு தீபாவளிக்கு முந்துன நாள் போச்சு. சுட்ட அதிரசம், முறுக்கு, எல்லாத்தையும் அள்ளித் தெருவுக்குக் குடுத்தோம். உசுரோட இருக்கிறப்பவும் நாலு பண்டம் எனக்குத் தங்கவிடாத மனுஷி, போறப்பவும் விடல." கீரைக் காம்பை உதறினாள். "நான் சொல்றதக் கேளுங்க. இன்னைக்கே பெட்டிய எறக்கி, மூணே மூணு படி கட்டி, கலசத்த வச்சுக் கையில மஞ்சக் காப்பக் கட்டிருங்க. காப்புக் கட்டிட்டா அப்புறம் யாரு போனாலும் தீட்டு அண்டாது."

"செத்தவங்க நாளுல எப்படி."

"கடையில ஆவணியிலயே பொம்மை வந்து எறங்கியாச்சு. ரோடு முழுக்க உக்காத்தி வச்சிருக்கான். அதுக்குள்ள எல்லாம் பேய் பூந்துருச்சா? சும்மாருங்கக்கா."

"காப்புக் கட்டிட்டா சாவு வீட்டுக்குப் போகக்கூடாதே பிரேமா. அக்கா அங்க தனியா உக்காந்திருக்கும்."

பிரேமாவதி கையை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தாள். "பொண்ணா ஓரகத்தியான்னா எதைப் பாப்பீங்க?" என்றாள். குரலில் கேலி இல்லை. குக்கர் சத்தம் கேட்கிறது என்று எழுந்து போனாள். உருவிப் போட்ட காம்புகள் படியில் கிடந்தன. வடிவு குனிந்து அவற்றைப் பொறுக்கினாள், ஒன்று, இன்னொன்று. பொறுக்கிக்கொண்டே திரிபுரத்தை நினைத்தாள், பிணத்தின் தலைமாட்டில் திரிபுரம், பக்கத்தில் யாருமில்லை, வருகிறவர்கள் எல்லாம், எங்க உன் ஓரகத்தி என்று கேட்கிறார்கள், அது வீட்டுல கொலு வச்சிருக்கு என்று சொல்கிறாள், இங்கே இவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தேங்காய் துருவுகிறாள். இந்தக் கொலுப் பொம்மைகூட முறைப்படி மூத்த மருமகளுக்கு வந்திருக்க வேண்டியது. பிள்ளை பெத்தவ வைக்கட்டும் என்று மாமியார் இவள் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டாள், திரிபுரத்தின் எதிரிலேயே. திரிபுரம் எந்தப் பொம்மையை எந்தத் துணியில் சுற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள், அவ்வளவுதான். அந்த மனுஷிக்கு ஒரு பொம்மை கிடையாது, ஒரு பிள்ளை கிடையாது, இருந்தது ஒரு புருஷன்.

சாமி அலமாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கையைக் கூப்பினாள். தாயே, பெரியவரைக் காப்பாத்து. சொன்னதும் மனசு கொஞ்சம் சுத்தமானது போலிருந்தது, மறுபடியும் சொன்னாள், பெரியவரைக் காப்பாத்து, அமாவாசை வரைக்குமாவது. அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லவில்லை, அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. வேறு மாதிரி சொல்லிப் பார்த்தாள். நவராத்திரி கழியும் வரைக்கும் அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. அப்படியானால் கழிந்த பிறகு ஆகலாமா. கண்ணை இன்னும் இறுக்கி மூடினாள். அவருக்கு ஆயுசைக் குடு. எத்தனை நாள் என்று உள்ளே யாரோ கேட்டார்கள், கந்தன் கடையில் சாமான் நிறுக்கிறவன் கேட்கிற மாதிரி, எத்தனை வேணும்மா. பதினைந்து நாள் போதும். சே. கூப்பிய கையைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி கூப்பினாள், ஆனால் இப்போது மனசு வேறு தடத்தில் போய்க்கொண்டிருந்தது, அவள் பின்னால் ஓடிப்போய் இழுத்தும் நிற்கவில்லை, எண்ணிக்கொண்டே போனது. இன்றைக்குப் பிரதமை. இன்றைக்கே என்றால், இன்றைக்கே என்று வைத்துக்கொண்டால், இன்றோடு சேர்த்துப் பதினாறாம் நாள் எது. விரல் தானாக மடங்கியது. அமாவாசைக்கு மறுநாள். நவராத்திரி முதல் நாள். காலையில் கருமாதி முடிந்து, வீடு கழுவித் தலை முழுகிவிட்டால், சாயங்காலம் விளக்கு நேரத்துக்குக் கலசம் வைத்துவிடலாம். ஒரு நாள் பிசகாது. பெட்டியைச் செத்தவர்கள் நாளில் திறந்த பாவமும் இல்லை, கொலு விட்டுப்போன குறையும் இல்லை, திரிபுரத்தின் பக்கத்தில் உட்காராமல் விட்டோம் என்பதும் இல்லை, எல்லாம் பொருந்தி வருகிறது. நாளைக்கு என்றால் பொருந்தாது. இன்றைக்கு என்றால் பொருந்தும். இன்றைக்கு இருட்டுவதற்குள். அவள் மடக்கின விரலைப் பார்த்தாள். மடங்கின விரல் நிமிரமாட்டேன் என்றது. தாயே, நான் நினைக்கல. நான் நினைக்கவே இல்ல. விரல்தான் எண்ணியது. படத்தில் இருந்த அம்மன் இவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் கண்ணில் யார் இருக்கிறார்கள் என்று முதல் தடவையாக வடிவுக்குச் சந்தேகம் வந்தது, தலையைக் குனிந்துகொண்டாள்.

அவருடைய குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். ஒரு மனுஷனைச் சாகச் சொல்லி எண்ணுகிறோமே, அவருடைய குரலையாவது நினைத்துக்கொள்வோம் என்று. அவர் அவளோடு பேசியதில்லை. அவளும் பேசியதில்லை. அந்தக் குடும்பத்தில் புருஷனுக்கு மூத்தவர் முன்னால் தம்பி பெண்டாட்டி நிற்கக்கூடாது, நேருக்கு நேர் ஒரு சொல் கூடாது, அது சண்டையால் இல்லை, மரியாதையால். பன்னிரண்டு வருஷம் ஒரே வீடு, அப்புறம் இரண்டு தெரு தள்ளி, அவ்வளவு காலமும் ஒரு சொல் இல்லை. அவர் அடுக்களைப் பக்கம் வருவதற்கு முன்னால் ஒரு செருமல் செருமுவார், இவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். காபி வேண்டுமென்றால் ரேடியோவைப் பார்த்துச் சொல்வார், இன்னும் காபி ஆகல போலிருக்கே என்று. ஒரு தடவை தோட்டத்துப் பூனையைப் பார்த்து, ரசம் இன்னைக்கு நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டுப் போனார், இவள் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அந்தப் பூனை ரசத்தைக் கண்டதுகூட இல்லை. அகிலா பிறந்த அன்று சபாபதி வெளியூரில் இருந்தார். வலி எடுத்து ஆட்டோவில் ஏறினபோது முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்கப் பெரியவர்தான் வந்தார், வழி முழுக்க டிரைவரைப் பார்த்து, பயப்பட ஒண்ணும் இல்ல, பயப்பட ஒண்ணும் இல்ல என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த டிரைவர் கடைசியில், எனக்கென்ன சார் பயம் என்று கேட்டான். அந்தக் குரல். கரகரவென்று, நடுவில் கொஞ்சம் உடைகிற குரல். அது இப்போது கிடையாது. குழாய் இருக்கிற இடத்தில்தான் அது இருந்தது. வடிவுக்கு அழுகை வரும் என்று தோன்றியது, வரவில்லை, அதற்குப் பதிலாக விரல் மறுபடி மடங்கப் பார்த்தது, அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள், அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து நகர்ந்து தரையில் ஸ்டூலின் காலைத் தொட்டது. தெருவில் கீரைக்காரி போனாள். பால் பாத்திரம் மூடவில்லை என்று ஞாபகம் வந்தது, எழுந்திருக்கவில்லை.

ஃபோன் அடித்தபோது சபாபதி என்றுதான் எடுத்தாள். திரிபுரம்.

"வடிவு."

"சொல்லுங்கக்கா."

"கொழுந்தன் மருந்து வாங்கக் கீழ போயிருக்கு. அது வர்றதுக்குள்ள உங்கிட்டப் பேசிடணும்." பின்னால் ஒரு மெஷின் விட்டு விட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. திரிபுரத்தின் குரல் அன்றைக்கு வெண்டைக்காய் நறுக்கின குரல்தான், கொஞ்சம்கூட மாறவில்லை. "டாக்டரு காலையில கூப்பிட்டாரு. இனிமே ஒண்ணும் இல்லம்மா, குழாய எடுத்துட்டு வீட்டுக்குக் கொண்டு போறதுன்னா போங்க, எடுத்தா ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோன்னாரு. வச்சிருந்தா இப்படியே கொஞ்ச நாள் ஓடும்னாரு. என்னைக்குன்னு உங்க வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்கன்னுட்டாரு."

வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எண்ணிப் பாத்துட்டேன்டி" என்றாள் திரிபுரம். "இன்னைக்கு எடுத்தா உனக்குக் கருமாதி முடிஞ்சு முதல் நாளே விளக்கு வைக்கலாம். நாளைக்குன்னா ஆகாது. இல்லாட்டி நீ காப்புக் கட்டற வரைக்கும் இப்படியே போட்டு வைக்கணும். அதுவரைக்கும் இவரு தாங்குவாரான்னு தெரியல, தோலெல்லாம் உரியுது. எனக்கு எதுவா இருந்தாலும் ஒண்ணுதான். அகிலா எனக்கும்தான் பொண்ணு. நீ தாய், நீ சொல்லு. கொழுந்தனக் கேட்டா அது பாட்டுக்கு அழுதுட்டு நிக்கும்."

"அக்கா."

"சொல்லு. இன்னைக்குன்னா இன்னைக்கு. நான் கையெழுத்துப் போட்டுடறேன். யாருகிட்டயும் உன் பேச்ச எடுக்கமாட்டேன்."

எல்லாம் பொருந்தி வருகிறது. மனசு இதைத்தானே கேட்டது, இருட்டுவதற்குள் என்று. கேட்டது கிடைத்துவிட்டது, தட்டில் வைத்து நீட்டுகிறாள், ஆமாம் என்று ஒரு சொல், அதுகூட வேண்டாம், உம் என்றால் போதும். அகிலா கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வயிற்றின் மேல் கை இருக்கும். உம் என்று சொல்ல உதடு மூடியது. வேண்டாம் என்றால் நாளைக்கு, நாளன்றைக்கு, ஏதோ ஒரு நாள், அதுவும் இவளே குறித்த நாள்தான், தோல் உரிகிற நாள். எது சொன்னாலும் அவருடைய நாளை இவள்தான் குறிக்கிறாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே குறிக்கிறாள், அவருக்குத் தெரியாமல், ஒரு செருமல்கூட இல்லாமல். மெஷின் ஒலித்துக்கொண்டே இருந்தது. இரண்டு ஒலிக்கு நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"வடிவு, இருக்கியா? அது லிஃப்ட்டுல வர்ற மாதிரி இருக்கு."

"இருக்கேங்க்கா" என்றாள். செருமிக்கொண்டாள். "அக்கா, ஃபோனக் கொஞ்சம் அவங்க காதுகிட்ட வைங்க."